ஊர்திப் புகலிகள்: கார்களில் ஒளிந்து பயணிக்கும் சிற்றுயிர்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. வரையறை

ஊர்திப் புகலி என்பது, உரிமையாளர் அழைக்காமலும் அறியாமலும் ஒரு காருக்குள் புகுந்து, இயந்திர அறையிலோ இருக்கைக்கு அடியிலோ வேறு இடுக்கிலோ தங்கி, வாய்ப்பு நேரும்போது அதே காரில் ஊர்விட்டு ஊர் செல்லும் சிற்றுயிரைக் குறிக்கும். தமிழ்நாட்டில் எலி, சுண்டெலி, மூஞ்சூறு, அணில், பல்லி, அரணை, தேரை, பூனைக்குட்டி, பாம்பு ஆகியவை இதில் அடங்கும்.

இவ்வரையறைக்கு மூன்று கூறுகள் இன்றியமையாதவை: அழையாமை, அறியாமை, உடல் சிறுமை. வளர்ப்பு நாய் அழைத்து ஏற்றப்படுவதால் புகலி ஆகாது. சந்தையில் வாங்கிக் காலைக் கட்டி டிக்கியில் வைத்த நாட்டுக்கோழியும் ஆகாது. ஆனால் கட்டவிழ்ந்து முன்னிருக்கைக்கு வந்த கணம் முதல் பிடிபடும் கணம் வரை அதைத் தற்காலிகப் புகலியாகக் கொள்ளலாம். கார் கிளம்பும் நேரத்தில் தாமும் அந்தப் பக்கம்தான் போவதாகச் சொல்லிப் பின்னிருக்கையில் ஏறிக்கொள்ளும் உறவினர் முதற்கூறை முழுமையாக நிறைவு செய்கிறார். எனினும் மூன்றாவது கூறு பொருந்தாமையால் அவர் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்.

2. காரின் உண்மை இயல்பு

புகலிகளைப் புரிந்துகொள்ள, கார் என்பது என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஓடும் பொருள் என்பதே பொதுக் கருத்து. இக்கருத்துக்குச் சான்று போதாது. வாகன நிறுத்தங்களை ஆராய்ந்த கலிபோர்னியாப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், 2005-இல் வெளியிட்ட தம் நூலில், ஒரு கார் தன் காலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை நின்றபடியே கழிக்கிறது என்று காட்டினார். ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள், குலதெய்வக் கோவில் படையல் ஆகிய மூன்றுக்கு மட்டும் வெளியே எடுக்கப்படும் தமிழ்நாட்டுக் குடும்பக் கார்களுக்கு இந்த அளவு இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

ஆகவே கார் என்பது எப்போதாவது நகரும் ஒரு வீடு. கூரை உண்டு, மழை நனைக்காது, இயந்திரம் அணைந்த பின்னும் சில மணி நேரம் கதகதப்பு நிலவும், வாடகை இல்லை. மேலே உறை போட்டுவிட்டால் தனிமையும் கிடைக்கும். உரிமையாளர் காரை அதன் ஐந்து விழுக்காட்டைக் கொண்டு மதிப்பிடுகிறார்; எலி தொண்ணூற்றைந்து விழுக்காட்டைக் கொண்டு மதிப்பிடுகிறது. இருவருள் யாருடைய முறை அறிவியலுக்கு நெருங்கியது என்பது வெளிப்படை.

காரின் அமைப்பில் ஏற்பட்ட மாற்றமும் குடியேற்றத்துக்கு உதவியது. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரின் பானெட்டைத் திறந்தால் இயந்திரத்தைச் சுற்றித் தரையே தெரியும். ஒளிய இடம் குறைவு, கடிக்க ஒயரும் குறைவு. இன்றைய காரில் இயந்திர அறை நெருக்கமானது. பலவற்றில் அடியில் பிளாஸ்டிக் தட்டும் பானெட்டின் உட்புறம் மெத்தைபோன்ற வெப்பத்தடுப்பும் உண்டு. ஒயர்களை அவிழ்த்து நீட்டினால் ஒரு கிலோமீட்டரையும் தாண்டும்.

3. வகைப்பாடு

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுக்கிறது. இம்முறையைக் காருக்குப் பொருத்தினால், மூவறிவு எறும்பைத் தவிர ஏனைய பெரும்பாலான புகலிகள் ஐயறிவுப் பிரிவில் குவிந்துவிடுகின்றன. ஓட்டுநர் இருக்கையில் உள்ள ஆறறிவு, அவற்றுள் எதனிடமும் வென்றதாகத் தெரியவில்லை. எனவே நோக்கத்தைக் கொண்டு பகுப்பதே பயன் தரும்.

முதல் வகை குடியேறிகள். எலியும் சுண்டெலியும் இவ்வகை. இவை குடும்பம் நடத்தும் எண்ணத்தோடு வருகின்றன. இவற்றின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. எலிக்கு ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். தேய்க்காவிட்டால் வாயை மூட இயலாது. ஒயரைக் கடிப்பது பசியால் அன்று, பல் பராமரிப்புக்காக. பல்லின் மேற்பூச்சு செம்பைவிடக் கடினமானது என்பதால் ஒயரின் உட்கம்பியும் தடையாவதில்லை. ஒயர் உறையில் சோயாவிலிருந்து எடுத்த பொருள் கலந்திருப்பதே எலியை இழுக்கிறது என்று அமெரிக்காவில் கார் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்ததுண்டு. சோயா கலவாத காலத்து ஒயர்களையும் எலிகள் கடித்தே வந்தன.

இரண்டாம் வகை ஒதுங்கிகள். பூனைக்குட்டியும் பாம்பும் கதகதப்பையோ மறைவையோ நாடி வருபவை. வேலை முடிந்தால் போய்விடும் இயல்பின. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில், வளைகளில் நீர் புகுவதால் இவ்வகை மிகும்.

மூன்றாம் வகை வழிதவறிகள். பல்லி, அரணை, தேரை ஆகியவை வாழைத்தாரோடும் பூந்தொட்டியோடும் தேங்காய் மூட்டையோடும் வருபவை. காரில் ஏறியதே அவற்றுக்குத் தெரியாது.

நான்காம் வகை பின்தொடரிகள். இவை காரைத் தேடி வருபவை அல்ல, காரில் இருப்பவரைத் தேடி வருபவை. எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வருவது இதற்குச் சான்று. பின்னிருக்கையில் சிந்திய காராசேவில் தொடங்கும் உணவுச் சங்கிலி, எலி வழியாகப் பாம்புவரை ஒரே வாகனத்தில் முழுமை பெறுவது சூழலியல் நோக்கில் பாராட்டத்தக்கது.

மூஞ்சூறு தனித்துக் கருதத்தக்கது. இது எலியினம் அன்று. பூச்சி தின்னும் உயிர். ஒயரில் இதற்கு நாட்டம் இல்லை. ஆயினும் எலிமேல் எழும் கோபம் முழுவதும் இதன் மேல் இறக்கப்படுகிறது. இதன் குட்டிகள் இடம் பெயரும்போது, ஒன்றன் வாலடியை மற்றொன்று வாயால் பற்றி, தாயின் பின்னே ஒரே வரிசையில் செல்லும். எவையும் முந்துவதில்லை, ஒலி எழுப்பி வழி கேட்பதில்லை. காருக்குள் புகும் உயிர்களில் சாலை ஒழுங்கு அறிந்தது இது ஒன்றே. டேஷ்போர்டின் மேல் பிள்ளையாரும் அதற்குக் கீழே அவருடைய வாகனமும் அமைந்துவிடும் கார்களில், கீழே உள்ளதை விரட்டுவது முறையா என்பது ஆகம வல்லுநர்கள் தீர்க்க வேண்டியது.

4. வாழிடம்: காரின் ஐந்திணை

காரின் உட்பரப்பு ஒரே தன்மையது அன்று. நிலம், உணவு, ஒழுக்கம் ஆகியவற்றால் அது ஐந்து திணைகளாகப் பிரிகிறது.

குறிஞ்சி: டேஷ்போர்டின் பின்புறமும் குளோவ் பாக்ஸின் உள்ளிடமும். மனிதக் கை எட்டாத உயர்நிலம். இருளும் குளிர்ச்சியும் உடையது. காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் இங்கேதான் இருக்கிறது. இதன் உரிப்பொருள் புணர்தல். ஃபில்டர் தாள், டிஷ்யூ, சுங்கச்சாவடி ரசீது, காப்பீட்டு நகல் ஆகியவற்றைக் கிழித்துக் கூடு அமைக்கப்படுகிறது. எலியின் கருக்காலம் மூன்று வாரமே என்பதால், கோடை விடுமுறை முழுவதும் உறைபோட்டு நிறுத்திய கார், பள்ளி திறக்கும்போது புதிய தலைமுறையோடு இருக்க வாய்ப்புண்டு.

முல்லை: டிக்கியும் அதனடியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியும். இதன் உரிப்பொருள் இருத்தல். ஸ்டெப்னி, ஜாக்கி, கோவிலில் கொடுத்த துணிப்பை, திருப்பித் தர வேண்டிய பாத்திரம் என இங்குள்ள யாவும் காத்திருப்பவையே. பல்லி இங்கே ஒரு நேரத்தில் பொதுவாக இரண்டு முட்டை இடும். முட்டையின் ஓடு கெட்டியானது. குண்டும் குழியுமான சாலையில் நெடுந்தொலைவு சென்றும் உடையாமல் இருக்கக்கூடியது.

மருதம்: பின்னிருக்கையும் அதன் இடுக்குகளும். காரிலேயே வளம் மிக்க நிலம். மிக்சர், முறுக்கு, பொரி, வேர்க்கடலை, பிரசாதச் சுண்டல் ஆகியவை பருவம் தவறாமல் விளைகின்றன. இதன் உரிப்பொருள் ஊடல். எலிப் புழுக்கை கண்டெடுக்கப்பட்ட அன்று மாலை, “அன்னிக்கே சொன்னேன், கார்ல வச்சு எதையும் சாப்பிடாதீங்கன்னு” என்று மனைவி தொடங்க, கணவர் குழந்தைகளை நோக்க, குழந்தைகள் தாத்தாவை நோக்க, தாத்தா தமக்குப் பல்லே இல்லை என்பதை நினைவூட்டுவார்.

நெய்தல்: ஏசியின் நீர் சொட்டும் பகுதியும், முன்கண்ணாடிக்கு அடியில் மழைநீர் வடியும் பள்ளமும். ஈரம் நாடும் தேரைக்கு உகந்தது. இதன் உரிப்பொருள் இரங்கல். இங்கே ஓர் உயிர் இறந்தால், அச்செய்தி காற்றுத் துளைகள் அனைத்தின் வழியாகவும் ஒரே நேரத்தில் பயணிகளை அடையும். விசிறி வேகத்தைக் கூட்டினால் இரங்கல் பெருகும்.

பாலை: இயந்திர அறை. பகலில் கொடிய வெப்பம், இரவில் இதம். இதன் உரிப்பொருள் பிரிதல். ஒயர் ஒயரைப் பிரிகிறது. காலையில் சாவியைத் திருகும்போது விளக்குகள் எரிந்தும் இயந்திரம் உயிர்பெறாத நிலையில், குடும்பம் முகூர்த்தத்தைப் பிரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் உரிமையாளர் பணத்தைப் பிரிகிறார். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்து “எலி வேலை சார்” என்று கூறும்போது அவர் குரலில் வியப்பு இருப்பதில்லை.

5. நுழையும் வழிகள்

கதவைப் பூட்டுவது திருடருக்கு எதிரான ஏற்பாடு. புகலிக்கு எதிரானது அன்று. இயந்திர அறை கீழிருந்து பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. டயர் ஏணியாகப் பயன்படுகிறது. அங்கிருந்து உள்ளே வர, ஒயர்கள் செல்லும் துளைகளும் வெளிக்காற்றை இழுக்கும் வழியும் உதவுகின்றன. பின்பக்கப் பம்பருக்குள் மறைந்திருக்கும் காற்றுப்போக்கித் துளைகள் பலருக்குத் தெரியாதவை. கதவை ஓங்கிச் சாத்தும்போது உட்காற்று வெளியேற வைத்த அத்துளைகளை மெல்லிய ரப்பர் மடல்களே மூடியுள்ளன. சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள இடைவெளி போதும். வளர்ந்த எலிக்கு இரண்டு சென்டிமீட்டர் தாராளம். தலை நுழைந்தால் உடல் நுழையும்.

இவை அனைத்தையும் விட எளிய வழி, புழுக்கத்துக்காக இரவில் சற்றே இறக்கி விடப்பட்ட கண்ணாடி.

6. பயணம்: உலகளாவிய ஒப்பீடு

ஊர்தியில் ஒளிந்து செல்லுதல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய மரபன்று. கலிபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்காவில் மினரல் கிங் என்னும் மலைப்பகுதி உண்டு. அங்குள்ள மார்மட் என்னும் பருத்த மலை அணில்கள், நிறுத்திய கார்களின் ரப்பர்க் குழாய்களையும் ஒயர்களையும் கடித்து, குளிர்விப்பு நீரையும் சுவைக்கின்றன. சில மார்மட்கள் இயந்திர அறையிலேயே இருந்து மலையிறங்கித் தென் கலிபோர்னியா வரை சென்றிருக்கின்றன. வேறு சில வழியிலுள்ள ஓய்விடங்களில் இறங்கிக்கொண்டன. இதனால் அங்கு செல்வோர் காரின் அடிப்பகுதி முழுவதையும் தார்ப்பாயால் சுற்றிக் கட்டிவிட்டே மலையேறப் போகிறார்கள்.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கீரி அளவுள்ள மார்ட்டன் என்னும் ஊனுண்ணி இப்பணியைச் செய்கிறது. இதன் காரணம் பசியுமன்று, பல்லுமன்று, பொறாமை. ஒரு மார்ட்டன் தன் மணத்தைப் பதித்த கார் வேறொரு மார்ட்டனின் எல்லைக்குள் நிறுத்தப்பட்டால், இரண்டாவது மார்ட்டன் அந்த மணத்தின்மேல் ஆத்திரம் கொண்டு குழாய்களைக் கடித்துக் குதறும். இருவர் சண்டையில் மூன்றாமவர் பொருள் அழிவதற்கு இதைவிடத் தெளிவான சான்று விலங்கியலில் அரிது.

சிலந்தியின் பங்கும் சிறிதன்று. 2011-இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 65,000 மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பெட்ரோல் ஆவி மணத்தால் ஈர்க்கப்படும் ஒருவகை மஞ்சள் சிலந்தி, எரிபொருள் அமைப்பின் காற்றுக்குழாயில் வலை பின்னியதே காரணம். அடைப்பால் பெட்ரோல் தொட்டி விரிசல் காணும் அபாயம் இருந்தது. 2014-இல் அதே காரணத்துக்காக மீண்டும் சுமார் 42,000 கார்கள் அழைக்கப்பட்டன.

நெடுந்தொலைவுப் பயணத்தில் நம்மவரே முன்னணியில் இருக்கின்றனர். ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட சாதாரண வீட்டுப் பல்லியினம் ஒன்று, சரக்குகளில் ஒளிந்தே ஆஸ்திரேலியாவையும் பசிபிக் தீவுகளையும் அமெரிக்கக் கண்டத்தையும் எட்டிவிட்டது. நம் கொல்லைகளிலும் காணப்படும் ஆசியத் தேரையினம் மடகாஸ்கரின் துறைமுக நகரான டோமாசினாவைச் சுற்றிப் பெருகியிருப்பது 2014-இல் தெரியவந்தது. சரக்குப் பெட்டகத்தில் சென்றிருக்கலாம் என்று கருதப்படுகிறது. கடவுச்சீட்டு விசாரணையில் நின்று திரும்பிய எவரும் இதை மனத்தாங்கலோடுதான் வாசிக்க முடியும்.

7. கண்டறிதல்

புகலியின் இருப்பு நான்கு படிகளில் அறியப்படுகிறது. முதற்படி மணம். இதை முதலில் உணர்பவர் சொல்வதை மற்றவர்கள் நம்புவதில்லை. இரண்டாம் படி ஒலி: ஏசி விசிறியில் தாள் துணுக்கு உரசும் சத்தம். மூன்றாம் படி தடயம்: புழுக்கை, கொறித்த தேங்காய்ச் சில்லு, இருக்கைப் பஞ்சு. நான்காம் படி நேர்காட்சி.

நேர்காட்சி பெரும்பாலும் கார் நெடுஞ்சாலையில் விரையும்போது நிகழ்வது ஏன் என்பதற்கு எளிய விளக்கம் உண்டு: இயந்திரம் சூடேறுவதால் உயிர் அங்கிருந்து குளிர்ந்த உட்பகுதிக்கு நகர்கிறது. இந்நிலையில் ஆபத்து உயிரால் விளைவதை விட ஓட்டுநரால் விளைவதே மிகுதி. திடீரென்று பிரேக் போடாமல், அபாய விளக்கைப் போட்டு ஓரமாக நிறுத்தி, எல்லாரும் இறங்கி, நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்துவிட்டு விலகி நிற்பதே முறை. பாம்பானால் தேடக் கூடாது. 101-ஐ அழைத்தால் தீயணைப்பு மீட்புப் பணியினர் வருவர். அதுவரை கூடும் கூட்டம், பாம்பின் நீளத்தைப் பற்றி ஒருமித்த கருத்துக்கு வருவதில்லை.

பல்லி தனிச் சிக்கலைத் தோற்றுவிக்கிறது. தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால், பாதத்தில் விழுந்தால் என்று பல்லி விழும் பலனைப் பஞ்சாங்கங்கள் விரிவாகப் பட்டியலிடுகின்றன. ஆயினும் அப்பல்லி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் கூரையிலிருந்து விழுந்திருந்தால் பலன் விழுந்த இடத்துக்கா, நூறடி தள்ளி வந்துவிட்ட இடத்துக்கா என்பதை அவை தீர்க்கவில்லை. பரிகாரமாகக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலின் பொன், வெள்ளிப் பல்லிகளைத் தொட்டு வருவது மரபு. அதற்கும் அதே காரில்தான் போக வேண்டியிருக்கிறது.

8. வெளியேற்றும் முறைகள்

மண முறை: புகையிலைப் பொட்டலம், பாச்சை உருண்டை, கற்பூரம், புதினா எண்ணெய் ஆகியவற்றை இயந்திர அறையில் வைப்பது. பாச்சை உருண்டையின் ஆவி ஏசி வழியாக உள்ளே வரும். எலிக்கு முன்பே உரிமையாளர் காரைக் காலி செய்வது இம்முறையின் குறை.

கார முறை: ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரப்பொருள் கலந்த ஒயர் சுற்றும் டேப் ஒன்றை விற்கிறது. வெளிநாட்டு எலிகளுக்கு இது உறைக்கலாம். ஆந்திரா மெஸ்ஸின் பின்சந்தில் வளர்ந்த எலி இதைத் தொட்டுக்கொள்ளப் பயன்படுத்தாது என்பதற்கு உறுதி இல்லை.

பொறி முறை: மசால்வடையே மரபு, கருவாட்டுத் துண்டும் உண்டு. வடை அன்றைக்குப் போட்டதாக இருக்க வேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. ஆறியதே மணம் நின்று வீசும் என்பது மறுசாரார் கருத்து. பிடிபட்ட எலியை அடுத்த தெருவில் விட்டால் அது திரும்பி வரலாம். அடுத்த தெருக்காரரும் தம் எலியை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கலாம்.

நஞ்சு முறை: அறவே தவிர்க்கத்தக்கது. நஞ்சுண்ட எலி குறிஞ்சியில் ஏறி உயிர் விட்டால், டேஷ்போர்டு முழுவதையும் கழற்றும் செலவு எலி ஏற்படுத்தியிருக்கக்கூடிய சேதத்தை விஞ்சும். பசை அட்டையும் கொடுமையானது. அதைத் தடைசெய்ய இந்திய விலங்கு நல வாரியம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

எம்முறையைக் கையாண்டாலும், துப்புரவின்போது கையுறையும் முகமூடியும் தேவை. எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்காமல், கிருமிநாசினி தெளித்து ஊறவைத்துத் துடைத்தெடுக்க வேண்டும். கேபின் ஃபில்டரை மாற்றுவதும் கட்டாயம்.

9. சட்ட நிலை

வெள்ளை எண் பலகை உள்ள சொந்தக் காரில் கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றுவது விதிமீறல். புகலியிடம் கட்டணம் பெறப்படாததால் இக்குற்றம் எழாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் எலியையும் சுண்டெலியையும், காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு சேர்த்துத் தீங்குயிர் என்னும் ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டதால், எலி இப்போது பட்டம் எதுவும் இன்றிக் கடிக்கிறது. சாரையும் நல்லபாம்பும் இச்சட்டத்தின் பாதுகாப்பு உடையவை; காருக்குள் வந்ததற்காக அவற்றைக் கொல்வது குற்றமாகும். எலி கடித்த ஒயருக்குக் காப்பீடு கிடைக்குமா என்பது அவரவர் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளைப் பொறுத்தது. அந்த ஒப்பந்தம் குளோவ் பாக்ஸில் வைக்கப்பட்டிருந்தால், சிறிய எழுத்துகள் உள்ள பகுதி முழுமையாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

10. தடுப்பு

காரின் தொண்ணூற்றைந்து விழுக்காட்டைக் குறைப்பதே தடுப்பின் அடிப்படை. நாள்தோறும் ஓடும் கார் வீடாவதில்லை. ஓட்ட வேலை இல்லாவிட்டாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்து, வேறிடத்தில் நிறுத்தலாம். குப்பைத்தொட்டி, விறகுக் குவியல், நாய்க்குச் சோறு வைக்கும் இடம் ஆகியவற்றின் அருகே நிறுத்தலாகாது. காற்று வழிகளுக்கு நுண்ணிய கம்பி வலை பொருத்தலாம். காருக்குள் உண்பதை நிறுத்த வேண்டும். நிறுத்த இயலாதோர் வாரம் ஒருமுறை மருதத்தை அறுவடை செய்ய வேண்டும்.

காலையில் கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுவது, உள்ளே உறங்கும் பூனைக்குட்டியை விசிறியிலிருந்து காக்கும். ஜப்பானில் நிசான் நிறுவனம் 2015-இல் இதை ஓர் இயக்கமாகவே பரப்பியது. தட்டிய பின் சில நொடிகள் காத்திருப்பதும் இம்முறையில் அடங்கும். தட்டிய கையோடு சாவியைத் திருகுவது, கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே நுழையும் வழக்கத்தைச் சேர்ந்தது. மேற்கூறியவற்றில் கம்பி வலையைத் தவிர வேறெதற்கும் செலவு பெரிதாக இல்லை. அதனால்தானோ என்னவோ, பரவலாகக் கடைப்பிடிக்கப்படுவது கம்பி வலை ஒன்றே.